மூணு தட்டு

பெருச்சாளி செத்து எத்தனை நாளாகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஷெட்டில் கிடந்த பழைய வண்டியின் பானெட்டைத் திறந்தபோது அது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பத்மகுமார் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வாலைப் பிடித்துத் தூக்கினான். தோல் தனியாக வந்தது, உள்ளே இருந்தது தனியாக வழிந்தது. தம்பி சிதம்பரதாணு அதைப் படம் பிடித்தான். பத்மகுமாரின் மலையாளி மனைவி ஸ்வப்னா நாலடி தள்ளி நின்று சிரித்தாள். என்னவோ கோயில் ஆராட்டுப் பார்க்க வந்த கூட்டம் மாதிரி மூன்று பேருக்கும் ஒரே குதூகலம்.

சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய அக்கா சரோஜத்துக்குக் குமட்டியது. பெருச்சாளியால் இல்லை. மூன்று வருஷமாக அப்பாவின் மலமூத்திரம் எடுக்கிற கைக்குப் பெருச்சாளி ஒரு பொருட்டா? அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இதே பத்மகுமார் அப்பா அறையின் வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, நாங்க வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓரடி வைக்காமல் திரும்பினான். அந்த மூக்கும் இந்த மூக்கும் ஒரே மூக்குதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த அறையில் நாற்றமே கிடையாது. காலையில் பினாயில், சாயங்காலம் சாம்பிராணி, நாளொன்றுக்கு இரண்டு விரிப்பு. ஐம்பது வயது சரோஜம் தட்டெழுத்து நிலையத்து வேலையை விட்டுவிட்டு, கல்யாணம் என்கிற பேச்சை அதற்கும் முன்னாலேயே விட்டுவிட்டு, கரமனையில் ஆற்றோரத்துப் பழைய வீட்டில் செய்துகொண்டிருந்த வேலை இது ஒன்றுதான். அதை ஒழுங்காகச் செய்தாள். மூக்கைப் பொத்துகிறவர்கள் மனசிலிருந்த நாற்றத்தைத்தான் பொத்தினார்கள் என்று அவள் தீர்மானமாக நம்பினாள்.

அப்பா பகவதிப்பெருமாள் பிள்ளை நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் நாற்பது வருஷம் பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வெண்கல உருளியோ கும்பாவோ கேட்டால், அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மோதிர விரலால் மூன்று தட்டு தட்டுவார். கீறல் இருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். சத்தம் நீண்டு நின்றால் பாத்திரம் சுத்தம், பேச்சுக்கே இடமில்லை. பிள்ளையின் மூன்று தட்டு கேட்டபிறகு அந்தக் கடைத்தெருவில் யாரும் மறுபடி பாத்திரத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயிற்று. புத்தி போகவில்லை, அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் சொல்ல முடியாமல் படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டார். மனைவி செத்தபோதுகூட அழாத மனுஷர் அதன்பின் இரண்டு நாள் கஞ்சி வாங்க மறுத்துக் கண்ணீர் விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சரோஜம் முதல் காரியமாகக் கட்டிலின் இடப்பக்கம் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் அவர் கடைக் கும்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள். இடக்கை மோதிரத்தால் தட்ட வேண்டியது. ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் வெளிக்குப் போக வேண்டும்.

அதைக் காலண்டரின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியும் வைத்தாள். அவள் குளிக்கப் போகும்போதோ கடைக்குப் போகும்போதோ வந்திருக்கிற தம்பிகள் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நப்பாசை. அதைப் படிக்க வேண்டுமானால் அறைக்குள் வர வேண்டும், வந்தால்தானே!

மூன்று தட்டுக் கேட்டால் அவள் எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது, வாசலில் மீட்டர் பார்க்க வந்த ஆள் நின்று கத்தியிருக்கிறான். வீட்டுக்கு வந்தபின் இந்த மூன்று வருஷத்தில் அப்பா ஒரு தடவைகூட விரிப்பை நனைத்ததில்லை. அவருக்கு மிச்சமிருந்த மானம் அது ஒன்றுதான். அதை அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார், மறுபக்கம் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப்பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை, அவரால் பேசவும் முடியாது.

வண்டியைச் சரியாக்கும் யோசனை சரோஜத்துடையதுதான். அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஷெட்டில் பலாச் சருகு மூடிக் கிடந்த அந்த ஹில்மன் ஸ்டேஷன் வேகன், பொன்முடித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது அப்பா வாங்கியது. பின்னால் நீளமான தட்டு, அலமாரி மாதிரித் திறக்கிற பின்கதவு. அப்பா அதில் அண்டாவும் குத்துவிளக்கும் அடுக்கிக்கொண்டு வருவார். மாதம் ஒருமுறை மெடிக்கல் காலேஜுக்குப் போகும்போது டாக்ஸியில் அப்பாவை உட்காரவைத்தால் தலை ஒருபக்கம் தொங்கிவிடும், வாயிலிருந்து எச்சில் ஒழுகும், டிரைவர் கண்ணாடியில் பார்த்து முகம் சுளிப்பான். பழைய வண்டி ஓடினால் பின்னால் ஒரு மெத்தை விரித்து அவரைப் படுக்கவைத்துக் கூட்டிப்போகலாமே என்று தம்பிகளிடம் சொன்னாள். எஞ்சின் ஓடினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றும் சொன்னாள்.

கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த சின்னத் தம்பி தாணு உடனே இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு வந்தான். அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து பழைய வண்டிகளைப் புதுசாக்குகிறார்களாம், அதனால் பாசம் வளருகிறதாம். வங்கியில் மேனேஜராக இருந்த பத்மகுமாருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்பாவுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிற காரியம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினான். தாணு ஒரு அட்டையில் யார் யாருக்கு என்ன வேலை என்று எழுதி ஷெட்டில் தொங்கவிட்டான். எஞ்சின் அண்ணனுக்கு, எலக்ட்ரிக்கல் தனக்கு, அலங்காரம் ஸ்வப்னாவுக்கு. கடைசியில் சரோஜம் பெயருக்கு எதிரே 'சாப்பாடு' என்று இருந்தது.

பெருச்சாளி எடுத்த நாள் முதல் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார்கள். உண்மையான வேலையைப் பாறசாலைக்காரர் சுவாமிதாஸ் என்கிற மெக்கானிக் மற்ற நாட்களில் வந்து செய்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வந்து அதே இடத்தில் கறுப்பாகக் கையை அழுக்காக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். சரோஜம் புளிசேரியும் அவியலும் வைத்து, ஷெட்டுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். சாப்பிட்டு முடித்தபின் எண்ணெய்க் கையைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போவார்கள், அதையும் அவள்தான் கழுவினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மகுமார் ரப்பர் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சினான். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. காறித் துப்பிவிட்டு, பெட்ரோல் வாசனை தனக்குச் சின்ன வயதிலிருந்தே இஷ்டம் என்று பெருமையடித்தான். அன்றைக்கு மத்தியானம் சரோஜத்துக்குத் தலைவலி. அப்பாவுக்கு நாலு கரண்டி கஞ்சி கொடுக்கச் சொன்னாள். முதல் கரண்டியிலேயே அப்பாவின் வாயோரம் கஞ்சி வழிந்தது. பத்மகுமார் ஓங்கரித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். தனக்கு வயிறு பலவீனம், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றான். பெட்ரோல் குடித்த வயிறு அது.

இன்னொரு நாள் ஹார்ன் மாட்டிக்கொண்டு நிற்காமல் அலறியது. தாணு ஸ்டியரிங்கைக் குத்தினான், ஸ்வப்னா காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சுவாமிதாஸ் வந்து பானெட்டுக்குள் கைவிட்டு இரண்டு மெல்லிய ஒயரில் ஒன்றைப் பிடுங்கினார், சத்தம் நின்றது. தேநீர் கொண்டுவந்திருந்த சரோஜத்திடம், இவ்வளவு பெரிய சத்தத்துக்கு இந்த ஒரு நூல்தான் அக்கா காரியம் என்று அதைக் காட்டிச் சிரித்தார். அந்த ஆள் மட்டும் வரும்போதெல்லாம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அறைக்குள் போய் முதலாளியைப் பார்ப்பார். போகிற போக்கில் அந்தக் கும்பாவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நல்ல சாதனம், அல்லே முதலாளி" என்பார். அப்பாவின் வாய் ஒருபக்கம் சிரிக்கும்.

வண்டி உருவாகி வர வர சரோஜத்துக்கு வெறுப்பும் கூடவே வந்தது. வெண்ணெய் நிறமும் இளநீலமுமாகப் பெயின்ட். ஜன்னலுக்குச் சுருக்கு வைத்த திரைச்சீலை. பாட்டுப் பெட்டி, அதற்கு ஆட்டுக்கல் அளவில் ஒரு ஸ்பீக்கர். சீட்டுகளுக்கெல்லாம் சந்தன நிற வெல்வெட். பின்கண்ணாடியில் ஆங்கிலத்தில் 'டாடிஸ் கிஃப்ட்' என்று ஸ்டிக்கர். பிறந்ததிலிருந்து ஒருநாளாவது அவரை டாடி என்று கூப்பிட்டிருப்பார்களா? யார் யாருக்குக் கொடுத்த கிஃப்ட் என்றும் அவளுக்கு விளங்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். பின்னால் அவள் மெத்தை விரிக்க நினைத்திருந்த நீளத் தட்டில் எதிரெதிராக இரண்டு சோபா சீட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அப்பாவை எங்கே படுக்கவைப்பது என்று கேட்டாள். பத்மகுமாரும் தாணுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சங்கதியையே மறந்துவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. கோவளத்துக்குப் போனால் எல்லோரும் உட்கார வேண்டாமா என்றாள் ஸ்வப்னா. அப்பாவுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பத்மகுமார் முடித்துவைத்தான். சரோஜம் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கே ஒரு தகராறு பண்ணியிருக்க வேண்டும், பண்ணவில்லை.

மலையாள வருஷம் பிறக்கிற சிங்கம் ஒன்றாம் தேதி வண்டி இறக்குவதென்று நிச்சயித்தார்கள். காலையிலேயே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டுக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார்கள். நாகர்கோவிலிலிருந்து ஏழெட்டு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். தாணுவின் கையில் வீடியோ கேமரா. திட்டம் என்னவென்றால், அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, சுற்றிக் குடும்பம் நின்று, படம் எடுக்க வேண்டும்.

சரோஜம் ஒரே ஒரு காரியம்தான் சொன்னாள். அப்பாவுக்கு ஒன்பதரைக்குக் கஞ்சி, அது உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்குள் வெளிக்கு வரும், அது முடிந்து பதினொரு மணிக்கு மேல் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பத்மகுமார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். கேட்டுவிட்டு, பதினொரு மணிக்கு வெயில் தலைக்கு மேலே வந்துவிடும், வீடியோவில் முகம் கறுக்கும் என்று தாணு சொல்லுகிறானே என்றான். பிறகு அவள் தோளைத் தட்டி, "அஞ்சு நிமிஷம் அக்கா. அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிரப்போகுது?" என்றான்.

பத்தேகாலுக்கு அப்பாவுக்குப் பட்டுச்சட்டை மாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே போன சரோஜத்தை ஸ்வப்னா மறித்தாள். "சேச்சி, இந்த அடுக்களைச் சேலையோடயா வருவீங்க? வீடியோ துபாய்க்கெல்லாம் போகும். நல்லதா ஒண்ணு உடுத்துட்டு வாங்கோ, அதுவரைக்கும் நாங்க நோக்கிக்கிடுதோம்."

சரோஜம் தன் சேலையைப் பார்த்தாள். அடைப்பிரதமன் பாயசம் கிளறியதில் வெல்லப்பாகு தெறித்திருந்தது. ஒரு கணம் அவளுக்கும் ஆசை வந்தது, அதை மறைப்பானேன். எத்தனை வருஷமாயிற்று யாராவது அவளைப் படம் எடுத்து! அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, பீரோவிலிருந்து கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையை எடுத்தாள்.

கொசுவம் பாதியில் இருக்கும்போது ஹார்ன் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

முற்றத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். தாணுவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. "பாத்தியளா, கடையில பாத்திரம் தட்டிப் பாக்க மாதிரியே மூணு தட்டு. அப்பா வண்டியப் பாஸ் பண்ணியாச்சு."

சரோஜம் கதவுப்பக்கம் திரும்பினாள். கொசுவம் நழுவித் தரையில் விழுந்தது. மறுபடியும் மூன்று அடித்தது. இந்தத் தடவை ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. மறுபடியும் கைதட்டல். இன்னொரு தடவை அடியுங்கோ அப்பா, கேமரா கிட்ட வச்சிருக்கேன் என்று தாணு கேட்டுக்கொண்டான். அவள் சேலையை மொத்தமாகச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் மாரை மறைத்துக்கொண்டு ஓடினாள். மூன்றாவது தடவையின் இரண்டாவது ஹார்னில் அவள் படியிறங்கினாள். மூன்றாவது அடிக்கவில்லை.

அப்பாவின் இடக்கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்திருந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தார். வாசனை வந்ததும் முதலில் உறவுக்காரர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். "அய்யே" என்று ஸ்வப்னா சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

பிறகு நடந்ததைச் சரோஜம் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். அண்ணனும் தம்பியும் ஓடித்தான் வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அப்பாவின் பக்கம் அவர்கள் அப்படிப் பாய்ந்து வந்ததை அவள் பார்த்ததே இல்லை. பத்மகுமார் மறுபக்கக் கதவைத் திறந்து, அப்பாவின் தொடைக்கு அடியில் கைவிட்டு, வெல்வெட் உறையின் நுனியைப் பிடித்து இழுத்தான். "லே தாணு, சீக்கிரம் உருவுலே, ஸ்பாஞ்சுக்குள்ள எறங்கிட்டா பின்ன போவாது" என்றான். தாணு கேமராவை ஸ்வப்னா கையில் கொடுத்துவிட்டு இந்தப்பக்கத்து நுனியைப் பிடித்தான். இருவரும் இழுக்க, நடுவில் அப்பா ஒரு சாக்கு மூட்டை மாதிரி அங்கும் இங்கும் ஆடினார்.

சரோஜம் தாணுவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அப்பாவின் கக்கத்தில் கைகொடுத்தாள். கூட்டத்தின் பின்னாலிருந்து சுவாமிதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் காலைப் பிடித்தார். வெளுத்துத் தேய்த்து அவர் போட்டிருந்த சட்டையில் அது பட்டது, அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

குளியலறையில் வெந்நீர் ஊற்றிக் கழுவும்போது அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. பட்டுச்சட்டையைக் கழற்றி, துடைத்து, பவுடர் போட்டு, கட்டிலில் கிடத்தி, கும்பாவைக் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குத் திருப்ப முடிந்த பக்கம் அது ஒன்றுதான்.

வாளியை எடுக்க வெளியே வந்தாள். முற்றத்தில் அண்ணனும் தம்பியும் முட்டிபோட்டு, ஷாம்பூ நுரையில் பஞ்சை முக்கி சீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பக்குவமாக, எவ்வளவு பொறுமையாக! இந்தக் கைகளுக்கு இப்படியும் தேய்க்கத் தெரியுமா என்று அவள் நின்று பார்த்தாள். ஸ்வப்னா சென்ட் புட்டியைக் குலுக்கி வண்டிக்குள் அடித்தாள். பத்மகுமார் தலையைத் தூக்கி, "அக்கா, டெட்டால் எங்க இருக்கு?" என்று கேட்டான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பத்மகுமாரை உட்காரவைத்துச் சொன்னாள். மூன்று தட்டு என்றால் என்ன, அந்த ஹார்ன் எதற்கு அடித்தது, மூன்று வருஷம் ஒரு சொட்டு நனையாத விரிப்பு, எல்லாம் சொன்னாள். அவன் சங்கடத்தோடு நெளிந்தான். "நாங்க நல்லதுக்கில்லா செஞ்சோம். நீ எதையும் அழுக்காவே பாக்கே அக்கா" என்றான். அழுக்கை நான் பார்க்கிறேன், நீ உண்டாக்குகிறாய் என்று சொல்ல வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அப்பா அதற்குப் பிறகு தட்டவில்லை. மூன்றும் இல்லை, இரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் கேட்கக்கூட அந்தக் கை எழும்பவில்லை. சரோஜம் கும்பாவைத் தானே தட்டிக் காட்டினாள். கையைப் பிடித்துத் தட்டவைத்தாள். விட்டதும் கை துணி மாதிரி விழுந்தது. மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தாள், சில சமயம் நேரத்துக்குப் போனாள், பல சமயம் பிந்திவிட்டது. ஒருநாளைக்கு ஐந்து விரிப்பு, ஆறு விரிப்பு. அதைத் துவைக்க அவளுக்கு அருவருப்பில்லை. துவைக்கும்போதெல்லாம் அந்த வெல்வெட்டைத் தேய்த்த நாலு கைகளும் கண்முன்னால் வந்துநின்றன, அதுதான் தாங்கவில்லை.

தாணு வீடியோவைச் சிடியாக்கினான். நாதஸ்வரம் சேர்த்து, எலுமிச்சம்பழம், மாலை, அப்பாவின் சந்தன நெற்றி, மூன்று ஹார்ன், கைதட்டல். அங்கே வெட்டிவிட்டு நேராக ஸ்வப்னா இலையில் பிரதமன் விளம்புகிற காட்சிக்குப் போய்விட்டான். நாகர்கோவிலிலிருந்து மாடம்மாள் சித்தி போன் செய்து, அத்தான் சந்தோஷமா ஹார்ன் அடிச்சதைப் பார்த்துக் கண் நிறைந்துவிட்டது, பெற்றால் இப்படிப் பிள்ளைகளைப் பெறவேண்டும் என்றாள். சித்தி அன்றைக்கு முற்றத்தில்தான் நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு முதலில் பின்வாங்கியவளே அவள்தான்.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. வண்டிக்கு ஒரு சடங்கு பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு, கோவளத்துக்கோ வேளிக்கோ போகும்போது முற்றத்தில் மூன்று ஹார்ன், திரும்பி வரும்போது தெருமுனையில் மூன்று ஹார்ன். அப்பாவின் கையெழுத்து மாதிரியாம். அவள் சொன்னதெல்லாம் தெரிந்தும் பத்மகுமார் அடித்தான். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். ஒரு சந்தோஷத்துக்கு அடிக்கிறோம், இதற்கும் தடையா என்று தாணு முறுமுறுத்தான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. சரோஜம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஒன்று, இரண்டு, மூன்று. நினைப்பதற்கு முன்னாலேயே உடம்பு எழுந்துவிட்டது. கீரை சிதற, பெட்பேனை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினாள். கும்பாவின் பக்கத்தில் கை அசையாமல் கிடந்தது. விரிப்புக்கு அடியில் கைவைத்துப் பார்த்தாள், குளிர்ந்து போயிருந்தது. எவ்வளவு நேரமாக அதில் கிடக்கிறாரோ! அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். சத்தம் கேட்டதும் அவருடைய தோள் ஒருமுறை ஒடுங்கியதை அவள் பார்த்தாள்.

முற்றத்தில் மறுபடி மூன்று அடித்தது. மறுபடியும் அந்தத் தோள் ஒடுங்கியது.

சரோஜம் அவசரப்படவில்லை. விரிப்பை மாற்றினாள், துடைத்தாள், பவுடர் போட்டாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்பாவின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தாள். முற்றத்தில் எல்லோரும் இறங்கிக் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெல்வெட்டில் மணல் படக்கூடாதே. அவள் யாரையும் பார்க்காமல் போய் பானெட்டைத் தூக்கினாள். சுவாமிதாஸ் காட்டிய இடத்தில் அந்த இரண்டு நூலும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே நறுக்கு, பிறகு ஒட்டவைக்க முடியாதபடி அடியில் இன்னொரு நறுக்கு. துண்டுகளை முற்றத்தோர வாய்க்காலில் எறிந்தாள்.

தாணு ஓடிப்போய் ஸ்டியரிங்கை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. இந்தச் சேச்சிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஸ்வப்னா மலையாளத்தில் புருஷனிடம் சொன்னாள். பத்மகுமாருக்கு முகம் சிவந்துபோயிற்று.

"என்னக்கா இது? ஹார்ன் இல்லாம இந்த டிராபிக்ல எப்பிடிப் போக? எவனாவது முன்னால மறிச்சு நிண்ணா என்ன செய்ய?"

சரோஜம் பாக்குவெட்டியைச் சேலையில் துடைத்து மூடினாள்.

"எறங்கி, கையால வண்டியத் தட்டு. மூணு தட்டு. எவன் வாறான்னு பாப்போம்."